மோட்டார் சைக்கிளில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால்...

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிக் கிராமங்களில் மோட்டார் சைக்கிள் இன்று பண்ணைக் கருவிகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது. விடியற்காலையில் பால் கேன் சங்கத்துக்குப் போவது அதில்தான். சூரமங்கலம் உழவர் சந்தைக்குக் கத்தரிக்காய் மூட்டையும், பரமத்திவேலூர் ஏலத்துக்கு வாழைத்தாரும், குச்சிக்கிழங்குக் காட்டுக்கு உர மூட்டையும் அதன் மேல்தான் போகின்றன. வண்டி ஒரு வேளை நின்றுவிட்டால் அன்றைய பால் வீட்டிலேயே தங்கிவிடும். ஒரு வாரம் பட்டறையில் கிடந்தால், மாடு கறந்த காசு பழுதுச் செலவுக்கே சரியாகிவிடும்.

இப்படிப்பட்ட வண்டியின் மீட்டர் பெட்டியில் ஒரு நாள் மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. வண்டியோ வழக்கம்போல ஓடுகிறது. சிலர் பயந்து வண்டியை அங்கேயே நிறுத்தி, வாடகை டெம்போவில் ஏற்றி நகரத்துக்கு அனுப்புகிறார்கள். வேறு சிலர் "ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் விளக்குக்குப் போகும் ஒயரையே பிடுங்கிவிடுகிறார்கள். மூன்றுமே நஷ்டத்தில் முடியக்கூடியவை. எந்த விளக்கு எரிந்தால் உடனே நிற்க வேண்டும், எது எரிந்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம், பட்டறைக்குப் போகும் முன் நாமே எவற்றைப் பார்க்கலாம் என்பவற்றை அறிந்துகொண்டால் இந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

பழைய வண்டியும் புது வண்டியும்

1980ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தபோது இந்த விளக்குகள் கிடையாது. கார்புரேட்டரையும் பிளக்கையும் கழற்றித் துடைத்து மாட்டினால் பாதிக் கோளாறு தீர்ந்துவிடும். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதி நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை. டேங்கினுள் இருக்கும் மின்சாரப் பம்பு பெட்ரோலை அழுத்தத்துடன் அனுப்புகிறது. இன்ஜெக்டர் என்னும் குழல் அதை அளவாகப் பீய்ச்சுகிறது. நம் பக்கத்தில் அதிகம் ஓடும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வண்டியும் 2020ல் இந்த முறைக்கு மாறிவிட்டது.

எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது இ.சி.யு. என்னும் சிறிய மின்னணுப் பெட்டி. என்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது, ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மீதமிருக்கிறது என்ற செய்திகளை ஆங்காங்கே உள்ள சென்சார்கள் அதற்கு அனுப்புகின்றன. செய்தி தாறுமாறாக வந்தாலும், வராமலே போனாலும், இ.சி.யு. அதைக் குறித்து வைத்துக்கொண்டு மஞ்சள் விளக்கை எரிய வைக்கிறது.

இங்கே ஒன்றை நன்றாக மனத்தில் வைக்க வேண்டும். கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில் மூன்று பேஸ் விளக்குகளில் ஒன்று எரியவில்லை என்றால் ஒரு பேஸ் வரவில்லை என்று நமக்குத் தெரிகிறது. டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போனதா, கம்பத்தில் கம்பி அறுந்ததா, வெறும் பல்பு போனதா என்று அந்த விளக்கு சொல்வதில்லை. அதற்காக யாரும் மோட்டாரைக் கழற்றி வைண்டிங் கடைக்குக் கொண்டுபோவதில்லை. முதலில் பியூஸைப் பார்க்கிறோம். மோட்டார் சைக்கிளுக்கும் இதே முறைதான். விளக்கு எந்தப் பாதையில் கோளாறு என்று சொல்லும். எந்தச் சாமானை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. ஆகவே செலவில்லாத சோதனைகளை முதலில் செய்ய வேண்டும். சாமான் மாற்றுவது கடைசியில்.

முதலில் நிறத்தைப் பாருங்கள்

சிவப்பு விளக்கு என்றால் வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டும். ஆயில் அழுத்தம், என்ஜின் சூடு போன்ற பெரிய விஷயங்களுக்கே சிவப்பு எரியும். மஞ்சள் விளக்கு என்றால் கவனம் தேவை. பெரும்பாலும் மெதுவாக ஓட்டிக்கொண்டு வரலாம், ஆனால் தள்ளிப் போடக் கூடாது. பச்சையும் நீலமும் கோளாறு விளக்குகள் அல்ல. பச்சை நியூட்ரலையும் இண்டிகேட்டரையும் காட்டும். நீலம் ஹெட்லைட் தூர வெளிச்சத்தில் இருப்பதைக் காட்டும்.

அடுத்து, விளக்கு எரியும் நேரத்தைப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் மஞ்சள் என்ஜின் விளக்கு எரிவது சரியே. பல்பு வேலை செய்கிறது என்று வண்டி தானே காட்டிக்கொள்கிறது. சில விநாடிகளிலோ, என்ஜின் ஓடத் தொடங்கியதுமோ அது அணைய வேண்டும். அணையாவிட்டால்தான் கோளாறு. சாவி போட்டும் அந்த விளக்கு எரியவே இல்லை என்றால், பல்பு போயிருக்கலாம். அல்லது யாரோ அதைத் துண்டித்திருக்கலாம். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். விற்பவர் என்ஜினை முன்பே ஓட விட்டுக் காட்டினால், அதை அணைத்து, நீங்களே சாவியைத் திருப்பிப் பாருங்கள்.

மஞ்சள் என்ஜின் விளக்கு

வண்டி சரியாக ஓடிக்கொண்டு, விளக்கு மட்டும் நிலையாக எரிந்தால் கையில் உள்ள பாலைச் சங்கத்தில் சேர்த்துவிட்டு வரலாம். வேகத்தையும் பாரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் என்ஜின் விட்டு விட்டு அடித்தாலோ, இழுவை இல்லாமல் திணறினாலோ, கரும்புகையோ பெட்ரோல் வாசனையோ வந்தாலோ ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சரில் உள்ள புகை வடிகட்டும் பகுதிக்குப் போய் அங்கே எரியும். அதனால் அது கடுமையாகச் சூடாகிக் கெட்டுவிடும். அப்படிச் சூடான வண்டியைச் சோளத்தட்டுப் போரின் ஓரத்திலோ காய்ந்த சருகின் மேலோ நிறுத்துவது தீயை வரவழைப்பதாகும்.

வீட்டுக்கு வந்ததும், என்ஜின் ஆறிய பிறகு, கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பாருங்கள்.

1. சாவியை அணைத்துச் சிறிது நேரம் விட்டுத் திரும்பப் போடுங்கள். பல வண்டிகளில் சாய்வை அறியும் சென்சார் ஒன்று இருக்கிறது. வரப்பிலோ சேற்றிலோ வண்டி கீழே விழுந்தால் அது என்ஜினை நிறுத்திவிடும். வண்டியை நிமிர்த்தி, சாவியை ஒரு முறை அணைத்துப் போட்டால்தான் மறுபடி கிளம்பும். இது தெரியாமல் கிக்கரை மிதித்துச் சலித்துப் போகிறவர்கள் உண்டு.

2. பாட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றிச் சுத்தம் செய்து, பாசிட்டிவை முதலில் மாட்டி இறுக்குங்கள். மின்சாரம் குறைந்தால் சென்சார்கள் தவறான செய்தி அனுப்பும். நல்ல பாட்டரி ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. என்ஜினைச் சற்று முடுக்கிய நிலையில் ஏறக்குறைய 13.5 முதல் 14.8 வோல்ட் வரை காட்ட வேண்டும். மோட்டார் பழுது பார்ப்பவரிடம் உள்ள சிறு மீட்டரே இதற்குப் போதும்.

3. ஒயர்களைப் பாருங்கள். மாட்டுக் கொட்டகையிலும் மக்காச்சோள மூட்டைக்குப் பக்கத்திலும் நிறுத்தும் வண்டிகளில் எலி ஒயரைக் கடிப்பது சாதாரணம். சீட்டைக் கழற்றி, டேங்குக்கு அடியிலும் பாட்டரிக்குப் பக்கத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். நூலும் வைக்கோலும் கிடந்தால் எலி கூடு கட்டுகிறது என்று அர்த்தம்.

4. கனெக்டர்களைப் பாருங்கள். யூரியா, பொட்டாஷ் மூட்டைகளிலிருந்து சிந்தும் உரம் ஈரத்தோடு சேர்ந்தால் பித்தளை முனைகளை அரித்துவிடும். சாவியை அணைத்துவிட்டு, கைக்கு எட்டும் கனெக்டர்களைக் கொக்கியை அமுக்கிக் கழற்றி, ஈரம் இருந்தால் உலர வைத்து, "கிளிக்" என்ற சத்தம் வரும் வரை அழுத்தி மாட்டுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

5. ஏர் பில்டரைப் பாருங்கள். கிழங்கு லாரிகள் போகும் மண் சாலையில் தினமும் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் சொன்ன தூரத்துக்கு முன்பே பில்டர் அடைத்துக்கொள்ளும். காகிதப் பில்டரைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கழுவக் கூடாது; மாற்றத்தான் வேண்டும். ஸ்பாஞ்ச் பில்டரானால் புத்தகத்தில் சொன்னபடி கழுவி, எண்ணெய் தொட்டு மாட்டலாம்.

6. பெட்ரோலை நினைத்துப் பாருங்கள். விளக்கு எரிவதற்கு முன் எங்கே, எதிலிருந்து பெட்ரோல் ஊற்றினீர்கள்? இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்பு உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். டேங்க் மூடியைச் சுற்றியுள்ள மழைநீர் வடியும் சிறு துளை மண்ணால் அடைத்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்க வழி உண்டாகும். அந்தத் துளையை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விவசாயிகள் செய்யும் இன்னொரு தவறு, பவர் ஸ்பிரேயருக்கும் புல் வெட்டும் கருவிக்கும் ஆயில் கலந்து வைத்த கேன் பெட்ரோலை அவசரத்துக்கு மோட்டார் சைக்கிளில் ஊற்றுவது. அந்த ஆயில் பிளக்கிலும் ஆக்சிஜன் சென்சாரிலும் படியும். கலந்த பெட்ரோல் கேனுக்குச் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டித் தனியே வைப்பது நலம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் விளக்கு அணையாவிட்டால் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். கனெக்டரைச் சரி செய்த உடனே அணையவில்லையே என்று கலங்க வேண்டாம். பல வண்டிகளில் சில தடவை கோளாறின்றி ஓட்டி நிறுத்திய பிறகே விளக்கு அணையும்.

விளக்கு மின்னி மின்னி எரிந்தால்

சில கம்பெனி வண்டிகளில் சாவி போட்டு என்ஜின் ஓடாத நிலையில் மஞ்சள் விளக்கு குறிப்பிட்ட கணக்கில் மின்னும். சிலவற்றில் நீண்ட மின்னல் ஒன்று பத்தைக் குறிக்கும், குறுகிய மின்னல் ஒன்றைக் குறிக்கும். இரண்டு நீளமும் ஒரு குறுகலும் என்றால் 21. இந்த எண்ணுக்கு எந்தக் கோளாறு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொருள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு மூன்று முறை எண்ணிக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மெக்கானிக்குக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

ஏ.பி.எஸ். விளக்கு

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம் ஆயிற்று. இதன் மஞ்சள் விளக்கு மற்ற விளக்குகளைப் போல என்ஜின் ஓடியதும் அணையாது. வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்த பிறகே அணையும். இது கோளாறு அல்ல.

ஓடும்போதும் விடாமல் எரிந்தால் ஏ.பி.எஸ். வேலை செய்யவில்லை என்று பொருள். சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் ஈரத் தார்ச்சாலையிலும் மணல் கொட்டிய வளைவிலும் அழுத்திப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். ஆகவே வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டும். நம் பக்கத்தில் இதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது சேறு. சக்கரத்தின் நடுவே டிஸ்க்குக்குப் பக்கத்தில் துளைகளோ பற்களோ உள்ள சிறு வளையம் சுற்றும். அதன் அருகே சென்சார் முனை இருக்கும். நஞ்சைக் காட்டுச் சேறு அங்கே காய்ந்து இறுகினால் சென்சாருக்குச் சக்கரத்தின் சுற்று தெரியாது. மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தை மட்டும் ஓட விட்டாலும் சில வண்டிகளில் இந்த விளக்கு எரியும். சாவியை அணைத்துப் போட்டு ஓட்டினால் அணைந்துவிடும்.

சிவப்பு விளக்குகள்

ஆயில் விளக்கு உள்ள வண்டிகளில், சாவி போட்டதும் எரிந்து என்ஜின் ஓடியதும் அது அணையும். ஓடும்போது எரிந்தால் அடுத்த நிமிஷமே என்ஜினை நிறுத்த வேண்டும். "சங்கம் அரை கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் பிஸ்டனும் கிராங்கும் பிடித்துக்கொள்ளும். அந்தப் பழுது ஒரு கறவை மாட்டின் விலையில் ஒரு பங்கை விழுங்கிவிடும். சமமான இடத்தில் நிறுத்தி, சில நிமிஷங்கள் கழித்து ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் வண்டியை ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. பெரும்பாலான 100 சி.சி. வண்டிகளில் ஆயில் விளக்கே கிடையாது. விளக்கு எரியவில்லை என்பதால் ஆயில் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. பாரம் ஏற்றும் வண்டிக்கு வாரம் ஒரு முறை அளவுக் குச்சியைப் பார்ப்பது அவசியம்.

சூட்டு விளக்கு பெரும்பாலும் தண்ணீர் சுற்றிக் குளிரும் என்ஜின்களில் இருக்கும். கோடையில் பாரத்தோடு மேட்டில் ஏறும்போது இது எரிந்தால் நிழலில் நிறுத்தி ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் அளவையும், ரேடியேட்டர் தகடுகளில் சேறு அடைத்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பாட்டரி விளக்கு உள்ள வண்டிகளில் அது ஓடும்போது எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். பெட்ரோல் பம்பும் இ.சி.யு.வும் மின்சாரத்தை நம்பியே இருப்பதால், பாட்டரி தீர்ந்ததும் வண்டி நின்றுவிடும். தள்ளி ஸ்டார்ட் செய்யும் பழைய வித்தை, பாட்டரி அடியோடு இறங்கிய வண்டியில் பலிக்காது.

பெட்ரோல் விளக்கு

பழைய வண்டியில் ரிசர்வ் திருகு இருந்தது. புது முறை வண்டியில் அது இல்லை. பெட்ரோல் விளக்கே ரிசர்வ். இதை அலட்சியம் செய்யக் கூடாததற்கு வேறு காரணமும் உண்டு. டேங்கினுள் இருக்கும் பம்பு, பெட்ரோலில் மூழ்கியிருப்பதால்தான் குளிர்ச்சியாக இருக்கிறது. அடிக்கடி வற்றும் வரை ஓட்டினால் பம்பு சூடாகும். அடியில் தங்கிய கசடும் அதில் ஏறும். இது தண்ணீர் வற்றிய கிணற்றில் நீர்மூழ்கி மோட்டாரை ஓட்டுவது போன்றது.

கோளாறு அல்லாதவை

ஹெட்லைட் பகலிலும் எரிவதைச் சிலர் கோளாறு என்று நினைக்கிறார்கள். 2017 ஏப்ரல் முதல் வந்த புது வண்டிகளில் என்ஜின் ஓடும்போதெல்லாம் முன் விளக்கு எரிய வேண்டும் என்பது விதி. ஸ்பானர் படம் போட்ட விளக்கு, சர்வீஸ் நாள் வந்துவிட்டது என்ற நினைவூட்டல் மட்டுமே. பக்க ஸ்டாண்டை மடக்கிய பிறகும் அதன் விளக்கு எரிந்து, கியர் போட்டதும் என்ஜின் நின்றால், ஸ்டாண்டின் அடியில் உள்ள சுவிட்சில் சேறு அடைத்திருக்கும். கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

செய்யக் கூடாதவை

பால் கேன் மாட்டும் கம்பியை வண்டியிலேயே வைத்து வெல்டிங் செய்யும்போது பாட்டரியின் இரு முனைகளையும், முடிந்தால் இ.சி.யு. கனெக்டரையும் கழற்றிவிட வேண்டும். கூடுமானால் கம்பியை வெளியே வெல்டிங் செய்து போல்ட் போட்டு மாட்டுவது உத்தமம். டிராக்டர் பாட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்க நேர்ந்தால் டிராக்டர் என்ஜினை ஓட விடக் கூடாது. முனைகளையும் மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது. என்ஜின் ஓடும்போது பாட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் இ.சி.யு.வையே எரித்துவிடலாம். மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரால் மீட்டர் பெட்டியிலும் சீட்டுக்கு அடியிலும் தண்ணீர் அடிக்கக் கூடாது. பியூஸ் போனால் அதே ஆம்பியர் பியூஸ்தான் போட வேண்டும். கம்பி சுற்றிப் போட்டால் ஒயர் எரியும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

விளக்கு எப்போது எரிந்தது, மழையா வெயிலா, எவ்வளவு பாரம், அதற்கு முன் என்ன வேலை செய்தீர்கள், எங்கே பெட்ரோல் போட்டீர்கள் என்ற ஐந்தையும் சொல்லுங்கள். இ.சி.யு.வில் பதிந்துள்ள கோளாறு எண்ணை ஸ்கேனர் கருவியால் படிக்கச் சொல்லி, எண்ணைப் பில்லிலோ சீட்டிலோ எழுதி வாங்குங்கள். படிப்பதற்கு முன் அழித்துவிடக் கூடாது. "ஆக்சிஜன் சென்சார்" என்று எண் வந்தால், சென்சாரே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. அதன் ஒயர் அறுந்தாலும் அதே எண்தான் வரும். ஒயரையும் கனெக்டரையும் பார்த்தாயிற்றா என்று கேட்டுவிட்டுப் பிறகே புதுச் சாமானுக்குச் சம்மதியுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டியில் உள்ள வண்டியானால் வெளியில் ஒயரை வெட்டவோ ஒட்டவோ விடாதீர்கள். வாரண்டி கிடைக்காமல் போக இடமுண்டு.

விளக்கை அணைப்பது நம் வேலை அல்ல. அது எரிந்த காரணத்தை நீக்குவதே வேலை. காரணம் நீங்கினால் விளக்கு தானே அணையும். இன்று மாலை வண்டியை நிறுத்தும்போது ஒரு முறை சாவியைத் திருப்பி, எந்தெந்த விளக்கு எரிகிறது, எது எப்போது அணைகிறது என்று பார்த்து வையுங்கள். வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். நல்ல நாளில் வண்டி எப்படி இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான், கெட்ட நாளில் எது மாறியது என்று தெரியும்.